சிவப்பு விழாத வார்டு

எனக்குக் கை எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அடை மழையிலும் சரி, வார்டில் ஏசி எலும்பைத் துளைக்கும்போதும் சரி, என் உள்ளங்கை அப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கும். நர்ஸ் வேலைக்கு இது ஒரு வரம். குளிர்ந்த கை பட்டாலே நோயாளி பாதி செத்துவிடுவார். என் கை பட்டால், "சிஸ்டர் கையே மருந்து" என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை ஆதியோடந்தமாக எழுதித் தரும்படி விசாரணைக் குழுவில் கேட்டீர்கள். ஆதி அங்கேதான் இருக்கிறது.

எலும்பு அறுவை வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ் நான். பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவளும் நான்தான். ஆகையால் எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்துவிட்டது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அது என் படிப்புக்கு அவமானம். உடம்பு கெடப்போகிறது என்பதை முதலில் மூச்சுதான் சொல்லும், ரத்த அழுத்தம் கடைசியில்தான் வாயைத் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார், மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சைப் பாருங்கள் என்பேன். படுக்கையில் ஒருவர் திடீரென்று நிலைகொள்ளாமல் புரண்டால் அதைப் பிடிவாதம் என்று எழுதாதீர்கள், மூளைக்குக் காற்று போதவில்லையா என்று முதலில் பாருங்கள், பார்க்காமல் தூக்க ஊசி போடாதீர்கள் என்பேன். காலில் அறுவை ஆனவருக்கு மூச்சு வாங்கினால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம், ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்பேன். "இயந்திரத்தைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்று என் கையெழுத்திலேயே எழுதி வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று நிர்வாகி அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

அந்த நிர்வாகிதான் சிவப்பைக் கொண்டுவந்தார். நேரத்துக்கு நேரம் நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள மானிட்டரில் ஓடும். இது எல்லா இடத்திலும் இருப்பதுதான். எங்கள் நிர்வாகி, எல்லா மானிட்டரையும் தன் அறையில் உள்ள பெரிய திரையோடு இணைத்துவிட்டார். நல்ல எண் என்றால் அந்தக் கட்டில் பச்சை. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் நோயாளியை யார் பார்க்கிறார்களோ இல்லையோ, வார்டுப் பொறுப்பாளரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். ஏன் சிவந்தது என்று விளக்கம் கொடுக்க வேண்டும். "ஐயா, அவருக்கு உடம்பு சரியில்லை" என்று ஒருமுறை சொன்னேன். "அது காரணமா? ஆஸ்பத்திரியில எல்லாருக்கும்தான் உடம்பு சரியில்ல" என்றார்.

சிவப்பே விழாத வார்டுக்கு வருடாவருடம் சுழற்கேடயம். தொடர்ந்து மூன்று வருடம் வாங்கிவிட்டால் கேடயம் அந்த வார்டிலேயே தங்கிவிடும். பித்தளையில் செய்தது, நடுவில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருப்பது போல வார்த்திருப்பார்கள். எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது. ஆசைப்படுவது குற்றம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். முட்டி மாற்றிய ஒரு அம்மாள், வாய் ஓயாமல் மருமகளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மானிட்டரோ எண்பத்தாறு என்கிறது. அவ்வளவு மூச்சுக் குறைவு உள்ளவரால் அவ்வளவு திட்ட முடியாது. விரலைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் கட்டி. குளிர்ந்த விரலில் இந்தக் கிளிப் பொய் சொல்லும், இது பாலபாடம். தேய்த்துச் சூடாக்கினேன், ஏறவில்லை. மெஷின் பழுதோ என்று பார்ப்பதற்காகக் கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டினேன். சட்டென்று தொண்ணூற்றெட்டு. அதே நேரத்தில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். அவர் ரவுண்ட்ஸ் வரும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலிலும் மானிட்டரைப் பார்ப்பார், தலையாட்டுவார், அடுத்த கட்டில். நோயாளிகள் கும்பிடுவார்கள், அந்தக் கும்பிடும் மானிட்டருக்கே போய்ச் சேரும். "தொண்ணூத்தெட்டு, பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எண் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். அந்த அம்மாள் மருமகளைத் திட்டிக்கொண்டே நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு என் கைக்கு வேலை கூடிவிட்டது. கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்வேன். நோயாளியின் கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துப் பொத்திக்கொள்வேன், மேலே போர்வையை இழுத்துவிடுவேன். போர்வைக்குள் கிளிப் இடம் மாறுவது யார் கண்ணுக்கும் தெரியாது. பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். "பெத்த பொண்ணு கூட இப்படிக் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார மாட்டா சிஸ்டர்" என்று ஒரு பெரியவர் அழுதிருக்கிறார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாருக்கும் செய்யவில்லை. எண் இறங்குகிறவர்களுக்கு மட்டும், கிளிப் மாட்டும் நேரத்துக்கு மட்டும். கிளிப்பைக் கழற்றியதும் ஆக்சிஜன் குழாய் வைப்பேன், நிமிர்த்தி உட்கார வைப்பேன், இருமச் சொல்வேன், என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்வேன். பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். தேறாத சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், அங்கே சிவந்தார்கள். அது அந்த வார்டின் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். நான் மறைத்தது ஒரு விரல். ஒரு கட்டடம் முழுக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள், போர்வையைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

இரண்டு வருடம் கேடயம் எங்களுக்கு. மூன்றாவது வருடம்தான் கடிகாரம் எங்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்தாள். அவளும் என் வயதுக்காரிதான், அவசரப் பிரிவில் இருந்தவள். நேரத்துக்கு டூட்டிக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. வந்த பிறகு எப்போது பார்த்தாலும் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சீருடையில் எப்போதும் ஏதாவது கறை. வாய் தெருமுனைவரை கேட்கும். ஆனால் மூச்சை எண்ணுவாள். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டவள், அதையெல்லாம் நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

இனி நீச்சல் மாஸ்டருக்கு வருகிறேன். நீங்கள் காத்திருப்பது தெரியும்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவர், வீட்டில் காய்ந்த தரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அறுவை நன்றாகத்தான் முடிந்தது. கூட இருந்தது ஒரே மகள். அவருடைய தம்பி, அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பா, பகலில் வந்து போவார். எனக்கு மாஸ்டரைப் பிடிக்கும். "சிஸ்டர், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வீட்டுக்குப் போனதும் வாங்க, சொல்லித்தரேன். மூச்சை விடத் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் தண்ணியே பார்த்துக்கும்" என்றார். எனக்குப் போகத்தான் ஆசை.

வெளியிலிருந்து தரக் கமிட்டி வருவதாக இருந்த நாள் அது. கேடயம் யாருக்கு என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். தரையைத் துடைத்து, ஜன்னலுக்குத் திரை மாற்றி, வார்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தோம். காலையில் மகள் ஓடிவந்தாள்.

"சிஸ்டர், அப்பாவுக்கு என்னமோ மாதிரி இருக்கு. மூச்சு வாங்குது. ஒரு இடத்துல படுக்க மாட்டேங்கறாரு."

போய்ப் பார்த்தேன். போர்வையைப் பிடித்து இழுக்கிறார், எழுந்து உட்காரப் பார்க்கிறார், உதட்டில் நிறம் இல்லை. என் வகுப்பில் நான் வரைந்து காட்டும் படம் அப்படியே உயிரோடு படுத்திருந்தது.

"மூச்சு பத்தலம்மா" என்றார். "எத்தனை பிள்ளைங்களைத் தண்ணியில பார்த்திருக்கேன். எனக்குத் தெரியும். பத்தல."

கடிகாரம் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். "நான் ஒரு நிமிஷம் முழுசா எண்ணிட்டேன் பெரிய சிஸ்டர். முப்பத்தி நாலு. காலைப் பாருங்க, கெண்டைச்சதை வீங்கியிருக்கு. கட்டி ஏறியிருக்கும். டாக்டரைக் கூப்பிடுங்க."

"மெஷின் என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம்" என்றேன். அப்போதுதான் அவருக்குக் கிளிப் மாட்டும் நேரம் வந்திருந்தது. அவருடைய விரலில் மாட்டினேன். திரையை என் பக்கம் திருப்பிவைத்திருந்தேன். எண்பத்தொன்று என்று வந்தது. நிர்வாகியின் அறைக்கு அந்த எண் போய்ச் சேரச் சில நொடி ஆகும். அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பொத்தி, போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு திரையை எல்லாருக்கும் தெரியும்படி திருப்பினேன்.

"தொண்ணூத்தெட்டு" என்று சித்தப்பாவே வாசித்தார். அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். "பாரும்மா, மெஷினே சொல்லுது. நீ வேற காலங்காத்தால பயமுறுத்திட்டே."

"சித்தப்பா, அவரு முகத்தைப் பாருங்களேன்."

"முகத்துக்கு என்ன? ராத்திரி தூங்கலை. அவ்வளவுதான்."

கடிகாரம் திரையைப் பார்த்தாள், அவர் நெஞ்சைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "இது எப்படி?" என்றாள். "மெஷினை விடுங்க. ஆளைப் பாருங்க. நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க?"

"கிளாஸ் வேற, டூட்டி வேற" என்றேன். "நீ போய் மருந்து அறையை அடுக்கு. கமிட்டி வருது."

அவள் சும்மா இருக்கவில்லை, டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். அந்தப் பையன் படித்தவன், நல்ல பிள்ளை. மூச்சு முப்பத்து நாலு என்று இவள் கத்துகிறாள், அவன் ஒரே கேள்விதான் கேட்டான். ஆக்சிஜன் எவ்வளவு? இவள் எண்ணைச் சொன்னாள். அப்புறம் என்ன என்று வைத்துவிட்டான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார், திரையைப் பார்த்துத் தலையாட்டினார். மகள் வழியை மறித்துக் கெஞ்சியதால் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார். "பதட்டம்தான்மா. தூங்கினா சரியாப் போகும்" என்று தூக்க ஊசி ஒன்று எழுதினார்.

அந்த ஊசியை நான்தான் போட்டேன், கிளிப் மாட்டிய கை போர்வைக்குள் இருக்க, மற்றக் கையால். கையெழுத்து அவருடையது, கை என்னுடையது. காற்றுக்குத் தவிப்பவருக்குத் தூக்கம் கொடுத்தால் இருக்கிற மூச்சும் அடங்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். பரீட்சையில் நானே கேட்கும் கேள்வி அது. ஆனால் அவர் படுக்கையில் அடித்துக்கொண்டிருந்தார், போர்வை விலகிக்கொண்டே இருந்தது. விலகும் போர்வைக்குக் கீழே என்ன இருந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

ஊசி போடுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் கை போர்வைக்குள் தடவிக்கொண்டே வந்து என் விரலில் நின்றது. கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். தன் விரலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தண்ணீரில் காலை வைக்கப் பயப்படும் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"அது... உங்க விரல்" என்றார்.

மகள் குனிந்தாள். "அப்பா என்ன சொல்றாரு சிஸ்டர்?"

"என் விரலைப் பிடிச்சுக்கணுமாம்" என்றேன். "பிடிச்சுக்கட்டும்மா, பரவாயில்லை."

அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, இதை மறுக்க மாட்டேன்.

கமிட்டி வரும் நேரத்தில் உறவினர்கள் வார்டில் இருக்கக்கூடாது என்பது விதி. "கொஞ்ச நேரம் வெளியில இருங்கம்மா, அப்பா நல்லாத் தூங்கறாரு" என்று மகளையும் சித்தப்பாவையும் வராந்தாவுக்கு அனுப்பினேன். போகும்போது அவள் அப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கிளிப் வெளியே வரும், அல்லது அவர் விரலுக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கு அந்த விரலில் எந்த எண் வந்தாலும் அது சிவப்பு.

கமிட்டி மூன்று பேர். தலைவி ஒரு அம்மையார், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலைத் தொட்டார், அதன் திரையைத் தொட்டார், சுவரில் என் வாசகத்தைப் படித்துப் புகழ்ந்தார். நோயாளிகளைத் தொடவில்லை. எங்கள் கட்டிலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இவ்வளவு நேரமா இப்படியே உட்கார்ந்திருக்கீங்களாமே?" என்றார். நிர்வாகி முந்திக்கொண்டு, "எங்க பெரிய சிஸ்டர் அப்படித்தான். நோயாளி தூங்கற வரைக்கும் கையை விட மாட்டாங்க" என்றார்.

"நர்ஸ்னா இதுதான்" என்றார் அம்மையார். கூட வந்தவரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் உங்கள் மேஜையில் இருக்கிறது. மருத்துவமனை வாசலிலும் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள், இப்போது எடுத்துவிட்டதாகக் கேள்வி. நல்ல படம். எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்து அடுத்த வார்டுக்குக் கிளம்பும்போதுதான் கடிகாரம் மருந்து அறையிலிருந்து வந்தாள். வழக்கம் போலத் தாமதம். வந்தவள் கட்டிலுக்கு எதிரே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எண்ண ஆரம்பிக்க ஒரு மூச்சு வேண்டும் அல்லவா, அது வரவில்லை. பாய்ந்து வந்து அவருடைய மற்றொரு மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தில் விரலை வைத்தாள், கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"போயிட்டாரு" என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "பெரிய சிஸ்டர், இவரு எப்பவோ போயிட்டாரு. கை சில்லுன்னு இருக்கு."

எல்லாரும் மானிட்டரைப் பார்த்தார்கள். மானிட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, நாடி எழுபத்திரண்டு, பச்சை. நிர்வாகி கடிகாரத்திடம், "சரியாப் பாரும்மா, மெஷின்ல இருக்காரே" என்றார். இதை அவருக்கு எதிராக நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர் தான் நம்புவதைச் சொன்னார். கடிகாரம்தான் போர்வையை இழுத்தாள்.

மகள் உள்ளே ஓடிவந்ததையும் அவள் என் கையைப் பார்த்து நின்றதையும் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அது அவளுடைய சொந்த விஷயம்.

ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணைக் கண்டவுடன் டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் நீச்சல் மாஸ்டருக்குப் பிழைக்க வழி இருந்தது. அதைத் தெரிந்தே தடுத்தேன். தெரிந்தே ஊசி போட்டேன். அவர் எப்போது இறந்தார் என்று எனக்குத் தெரியுமா என்று உங்கள் விசாரணைக் குழுவில் மூவருமே கேட்டீர்கள். படம் எடுப்பதற்கு முன்பே தெரியும். உள்ளங்கைக்குள் ஒரு கை ஆறுவது தெரியாத நர்ஸா நான்? விட்டால் சிவப்பு விழுமே என்று பிடித்துக்கொண்டிருந்தேன், கை தட்டும்போதும் விடவில்லை.

நான் இரக்கமில்லாதவள், மனசாட்சி செத்தவள் என்று கடிகாரம் சாட்சி சொல்லியிருப்பதாக அறிகிறேன். வாய்ப் பேச்சை விடுங்கள். அந்த மானிட்டர் எல்லாவற்றையும் தன் நினைவில் வைத்திருக்கும், போட்டுப் பாருங்கள். தப்பு செய்கிறவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் மூச்சுக்குத் தவித்த நேரம், என் விரலைத் தொட்ட நேரம், நான் ஊசி போட்ட நேரம், அவர் போன நேரம், என் நாடி எழுபத்திரண்டைத் தாண்டவே இல்லை. குற்றமற்றவள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?